தேரோடும் வீதி யாருடையது?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். மாரியம்மன் கோயில்களில் காப்புக் கட்டியிருப்பார்கள். தெருமுனையில் குழாய் ஒலிபெருக்கி ஏறியிருக்கும். விடியும் முன்பே எல்.ஆர்.ஈஸ்வரி பாடத் தொடங்கியிருப்பார். கூழ் ஊற்றுவதற்காக இளைஞர்கள் வசூல் நோட்டோடு வீடு வீடாக வந்து போயிருப்பார்கள். ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி பேனர், கல்யாண மண்டப வாசலில் பூட்டு. முகூர்த்தம் இல்லாததால் சமையல் மாஸ்டருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் பந்தல் போடுகிறவருக்கும் கையைக் கடிக்கிற மாதம் இது. வீடு மாற நினைப்பவர் ‘ஆவணி வரட்டும்’ என்பார். வீட்டுக்காரரும் அவசரப்படுத்த மாட்டார்.

அரசு அலுவலகம் மட்டும் இதற்கு விலக்கா என்ன? சார்பதிவாளர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்பதிவாளர் இருக்கிற இடத்தில் சாதாரண நாளில் 100 டோக்கன் என்பது வழக்கம். முகூர்த்த நாள் என்றால் பதிவுத் துறையே முன்கூட்டி அறிவித்து அதை 150 ஆக்குகிறது. ஆடிப்பெருக்கு விடுமுறை நாளில் வந்தபோது அலுவலகத்தைத் திறந்துவைத்து பத்திரம் பதிந்ததும் உண்டு. பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்காகப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுகிறது. தைப்பூசம் 2021 முதல் அரசு விடுமுறை. தேர்தலில் வேட்புமனு தாக்கல் செய்கிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர்களில் பலர் ராகுகாலம் கழிந்த பிறகே அலுவலகத்துக்குள் கால் வைக்கிறார்கள். கடவுள் இல்லை என்பவரும் ஆடித் தள்ளுபடியில்தான் வேட்டி எடுக்கிறார். நம்புகிறோமோ இல்லையோ, நம்பிக்கை போட்ட நாட்காட்டியில்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம்.

மதம் பற்றி இந்தப் பத்திரிகையில் எதை வெளியிட்டாலும் இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. ‘மதத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பொதுவெளியில் அதற்கென்ன வேலை?’ என்பது ஒன்று. ‘எங்கள் வழிபாட்டில் அரசும் கோர்ட்டும் தலையிட என்ன உரிமை இருக்கிறது?’ என்பது மற்றொன்று. எதிரும் புதிருமாகத் தெரிகிற இந்த இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. பக்தி ஒரு பக்கம், பொதுவாழ்வு மறுபக்கம் என்று நடுவில் கோடு கிழித்துவிடலாம் என்று இருவருமே நம்புகிறார்கள். நம் ஊர்களில் அப்படியொரு கோடு என்றைக்கும் இருந்ததில்லை. சாமி கருவறைக்குள் இருக்கலாம். தேர் ஓடுவது வீதியில். வீதி என்று வந்துவிட்டால் அது எல்லோருக்கும் உரியது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பார்கள். ஆனால் வடத்தை மட்டும் இழுத்தால் அந்தத் தேர் வீதி சுற்றி வந்துவிடாது. சக்கரங்களை ஒட்டி முட்டுக்கட்டையோடு சிலர் நடந்து வருவார்கள். தேர் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சக்கரம் முந்துகிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் கட்டையைச் செருக வேண்டும், செருகிய கையை அதே வேகத்தில் எடுத்துவிடவும் வேண்டும். வீதி திரும்பும் முனையில் சக்கரத்தடியில் இரும்புத் தகடு போடுவார்கள். பின்னாலிருந்து புல்டோசர் உந்தித் தள்ளும். தேர் போகிற பாதையில் மின்வாரிய ஊழியர்கள் முதலிலேயே மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றியிருப்பார்கள். சக்கரத்தை நிறுத்துகிற ஹைட்ராலிக் பிரேக் திருச்சி பெல் தொழிற்சாலையின் கைவண்ணம்.

இந்தத் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நிலையிலேயே நின்றது. அதை மறுபடி ஓடவைத்தது 1970-ல் இருந்த தி.மு.க. அரசு. பகுத்தறிவு பேசி வளர்ந்த இயக்கம், திருவாரூர்ப் பள்ளியில் படித்த முதலமைச்சர் மு.கருணாநிதி, தியாகராஜரின் தேர்! இதில் முரண்பாட்டைக் கண்டு சிரித்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஊரின் தேர் நின்றுபோனால் அது பக்தர்களின் கவலையாக மட்டும் நின்றுவிடாது, ஊரின் கவலையாகிவிடும். பூக்காரர், பொரிகடலைக்காரர், பலூன் விற்பவர், திருவிழாவுக்கு மகள் வீட்டாரை அழைத்திருக்கும் குடும்பம் என்று எல்லோருடைய கணக்கும் அதில் இருக்கிறது. மக்களிடம் ஓட்டு வாங்கிய அரசு அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

அரசு கோயிலுக்குள் வந்ததும் நேற்று நடந்த விஷயமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1817-லேயே மதராஸ் மாகாணக் கோயில்களின் சொத்துகளைக் கண்காணிக்க ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நிர்வகிக்கலாமா என்று மிஷனரிகள் எதிர்த்ததால் பிரிட்டிஷ் அரசு 1863-ல் கையைக் கழுவிக்கொண்டது. கோயில் சொத்து தனியார் கைகளில் கரைகிறது என்ற புகார்கள் பெருகவே, பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சி இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் சுமார் 44 ஆயிரம் கோயில்களும் மடங்களும் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. நம் அரசியல் சாசனத்தின் 290-ஏ பிரிவைப் புரட்டிப் பாருங்கள்: திருவிதாங்கூரிலிருந்து தமிழகத்துக்கு வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் பதின்மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மதச்சார்பற்ற நாட்டின் சாசனத்தில் கன்னியாகுமரிக் கோயில்களின் பூசைச் செலவுக்கும் ஒரு வரி இருக்கிறது. ஏட்டில் மட்டும் கோடு கிழிக்க முடிந்ததா, சொல்லுங்கள்.

வீதி எல்லோருக்கும் உரியது என்று எழுதுவது சுலபம். அதற்காக எவ்வளவு அடி வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் நம் சரித்திரம். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சென்று வழிபட்டார்கள். வழக்கு மதுரையில் தொடங்கி, மதராஸ் ஏறி, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1908-ல் அங்கேயும் நாடார்களுக்குத் தோல்விதான். சாமி கும்பிட்டதற்காக, கோயிலைச் சுத்திகரிக்கும் செலவைக் கட்டவேண்டிய நிலை வந்தது அவர்களுக்கு. வியாபாரத்திலும் கல்வியிலும் அவர்கள் பின்னாளில் எழுந்து நின்றதை நாடறியும். அந்த எழுச்சிக்குப் பின்னால், கும்பிடப் போன இடத்தில் பட்ட அவமானமும் இருக்கிறது.

1924-ல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்தது என்று இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. கேட்டது அந்தத் தெருவில் நடக்கும் உரிமையை மட்டும்தான். அதற்கே ஒன்றரை ஆண்டுக்கு மேல் சத்தியாகிரகம், சிறை, சமரசம் எல்லாம் தேவைப்பட்டன. ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். கடவுளைக் கும்பிடாத ஒருவர், கும்பிடுகிறவர்கள் கோயில் தெருவில் நடப்பதற்காகச் சிறையில் இருந்தார் என்றால் அது இந்த மண்ணில்தான் நடக்கும்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற அ.வைத்தியநாதய்யர், நெற்றி நிறைய விபூதி பூசிய பக்தர். உள்ளே சென்றவர்களில் ஒருவர் பி.கக்கன், பிற்காலத்தில் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள், எதிர்ப்பும் வழக்கும் கிளம்பின. கோயிலைத் திறந்தவர்களைப் பாதுகாக்க ராஜாஜி அரசு அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் போக மாட்டேன் என்று இருந்த காந்தி, 1946 பிப்ரவரியில் வந்து மீனாட்சியைத் தரிசித்தார். மறு ஆண்டு மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

வைக்கத்தில் நாத்திகர், மதுரையில் ஆத்திகர். இருவரும் தள்ளித்தான் கதவு திறந்தது. ‘மதம்தான் கதவைச் சாத்தியது’ என்பவர் சொல்வது உண்மை. ‘மதத்துக்குள் இருந்தவர்களே கதவைத் திறந்தார்கள்’ என்பவர் சொல்வதும் உண்மைதான். இதில் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குவது இப்போது பெருத்துவிட்டது.

சாத்திய கதவெல்லாம் திறந்துவிட்டதா? 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் பொங்கல் வைத்து வழிபடச் சென்றார்கள். கூடவே மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் போக வேண்டியிருந்தது. அறநிலையத் துறைக் கோயில் அது! சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடத்தை யார் யார் தொடலாம் என்ற தகராறு நீதிமன்றம்வரை போய், பல ஆண்டுகள் தேரே ஓடாமல் கிடந்து, 2024 ஜூனில்தான் பலத்த பாதுகாப்போடு ஓடியது. நீ பிடிப்பதாக இருந்தால் தேரே ஓட வேண்டாம் என்று ஓர் ஊர் இருக்குமானால், அங்கே சாமிக்கு என்ன இடம் என்று ஊர்ப் பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இதை ஒரு மதத்தின் கணக்கில் எழுதிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு சாதியாரும் தனித்தனியே உட்காரும்படி இரண்டு கூடங்கள் இருந்தன, நடுவே சுவர். கால்சட்டை போன்ற அமைப்பு என்று அதைக் கேலி பேசுவார்கள். அந்தச் சுவர் பின்னர் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் படுக்கவைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நம்மூரில் மதம் மாறினாலும் சாதி சட்டென்று இறங்குவதில்லை.

இத்தனை கசப்பையும் சொன்ன பிறகு இனிப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கடலூர் மாவட்டம் வடலூருக்குப் போயிருக்கிறீர்களா? 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே தருமசாலையில் இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவரிடம் சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல் இலை போடுகிறார்கள். பசிக்கிறது என்றால் போதும். பந்தியில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய காலத்தில், பசித்தவனுக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று ஒருவர் ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்பை மூட்டியது பெரிய கலகம்தான். கோயில்களில் அன்னதானத்தை 2002-ல் அரசே திட்டமாக்கியது. 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் அது நாள் முழுவதும் நடக்கும் அன்னதானமாயிற்று. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்ச 2001 முதல் அரசு பச்சரிசி கொடுக்கிறது. அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் எத்தனை பிள்ளைகள் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், எத்தனை பேர் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று கஞ்சி ஊற்றுகிறவர் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைப் பக்கம் போனால் காவி உடுத்தி, மாதா படத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் பார்க்கலாம். வழியெங்கும் மோர்ப் பந்தல் போட்டிருப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. நடப்பவர்களிலும் அப்படித்தான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நாகூர். ஷாஹுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கந்தூரிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட வருகிற இந்துக் குடும்பங்களுக்கு அது சமய நல்லிணக்க விழா என்றெல்லாம் தோன்றுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றது, நேர்ந்துகொண்டபடி வந்தோம், அவ்வளவுதான். மேடை போட்டு நல்லிணக்கம் பேசுகிற நாம் அவர்கள் வீட்டில்தான் பாடம் படிக்க வேண்டும்.

பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருவோம். மதம் பரப்ப 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். நோக்கம் என்னவாக இருந்தாலும், அச்சில் தமிழ் பெருகுவதற்கு அந்த அச்சுக்கூடம் வழி செய்தது; உங்கள் கையில் இருக்கும் இந்தப் பத்திரிகைக்கும் அது ஒரு வகையில் முன்னோடி. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக நிற்கிறது. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று பிரசவத்தில் பெண்களைச் சாகவிட்ட காலத்தில், பெண்களையே மருத்துவர்களாக்க 1918-ல் அவர் மருத்துவப் பள்ளி தொடங்கினார். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படித்த பெண்கள், திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் படித்த ஏழை வீட்டுப் பையன்கள், பழனி முருகன் பெயரில் நடக்கும் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள் என்று கணக்கெடுத்தால், இந்த மாநிலத்தின் அலுவலகங்களில் பாதி நாற்காலிகளுக்குப் பின்னால் யாரோ ஒரு பக்தரின் காணிக்கை இருக்கும். தன் மதத்தாருக்கு மட்டும் என்று அவை வாசலை அடைத்திருந்தால் இந்தப் பெயர் அவற்றுக்குக் கிடைத்திருக்காது.

சோறும் படிப்பும் வைத்தியமும் ஒரு பக்கம் இருக்கட்டும். திருவிழாவுக்கு ஆகிற செலவை யார் ஏற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பண வசூலை நான் சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்குக் கீழே குடியிருக்கும் இதய நோயாளி, மறுநாள் தேர்வு எழுதும் பிள்ளை, இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க வேண்டிய செவிலியர் ஆகியோர் தருகிற விலை ஒன்று இருக்கிறது. சென்னையில் ஒரு ஜெப வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்புச் சொன்னது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து, மேளம் தட்டித்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. தீர்ப்பு எல்லா மதத்துக்கும் பொது. மீறுவதிலும் எல்லா மதத்தாரும் சமத்துவம் காட்டுகிறார்கள்! புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் தன் பெயர் எந்த மதத்துப் பெயர் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிவிடுகிறார். சட்டம் செய்ய வேண்டிய வேலையை அங்கே பயம் தடுத்துவிடுகிறது.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாவின்போது சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டு, குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். தேரோட்டம் என்பது மின்வாரியம், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், ஊராட்சி எல்லாம் கைகோத்துச் செய்ய வேண்டிய பொதுக் காரியம் என்பதை அவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. எங்கள் சாமி எங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று அனுமதிக் கடிதத்தை அலட்சியப்படுத்துவது பக்தியில் சேராது. விழா முடிந்த மறுநாள் காலையையும் பார்க்க வேண்டும். கிரிவலப் பாதையிலும், அழகர் இறங்கிய வைகைக் கரையிலும், வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் மலைபோல் கிடக்கும் குப்பையை அள்ளுகிறவர்கள் யார்? ஒரு காலத்தில் எந்தச் சமூகத்தாரைக் கோயில் வீதிக்குள் விடாமல் தடுத்தார்களோ, பெரும்பாலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். அவர்களுக்குக் கையுறையும் கூடுதல் கூலியும் கொடுக்காத விழாக் கமிட்டி எத்தனை கும்பாபிஷேகம் நடத்தினாலும் பாக்கி தீராது.

இதைவிடப் பெரிய விலையையும் நாம் கொடுத்திருக்கிறோம். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு காவலர் கொலையானதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அடுத்து 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய தீபாவளிவரை ஒரே கடைவீதியில் துணி வாங்கியவர்களும் விற்றவர்களும் அவர்கள். கும்பிடுவதற்கும் கொல்வதற்கும் ஒட்டும் உறவும் இல்லை. ஆனால் மதத்தைக் கும்பிடுவதற்கான வழியாகப் பார்க்காமல், நாம் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேர் என்ற தலைக்கணக்காகப் பார்க்கத் தொடங்கினால், வீதி எங்கே போய் முடியும் என்பதைக் கோவை காட்டிவிட்டது. அந்தத் தலைக்கணக்கை நம் கைபேசிக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகள் இன்று வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போடுகின்றன. அதை ஃபார்வர்டு செய்யாமல் அழிப்பதற்குப் பெரிய வீரம் ஒன்றும் தேவையில்லை. குடும்பக் குழுவில் ஒரு சித்தப்பாவின் கோபத்தைத் தாங்கிக்கொண்டால் போதும்.

நல்லதையும் கெட்டதையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். ஆசிரியர் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். ஒரு நம்பிக்கை உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்திரிகையின் வேலை இல்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. அந்த நம்பிக்கை வீதிக்கு வரும்போது அதை அளக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி: அதனால் ஊர் பெரிதாகிறதா, சிறிதாகிறதா? வடலூர் அடுப்பால் ஊர் பெரிதானது. கமுதியில் கதவைச் சாத்தியதால் சிறிதானது. 2021 ஆகஸ்டில், பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உட்பட, பல சாதிகளைச் சேர்ந்த 24 பேரை அர்ச்சகர்களாக நியமித்தபோது பெரிதானது. 2023-ல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியபோது இன்னும் கொஞ்சம் பெரிதானது. ஆகமம் பற்றிய வாதங்கள் நீதிமன்றத்தில் நடக்கட்டும். பக்தர்களின் மனம் புண்படுகிறது என்ற குரலையும் மரியாதையோடு கேட்போம். அந்த ‘பக்தர்கள்’ என்ற கணக்கில் இத்தனை காலம் வாசலில் நின்று கும்பிட்டவர்களும் உண்டா என்பதையும் கேட்போம்.

நாத்திக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் விட்டுவிட்டு இந்த மாநிலத்தின் பொதுவாழ்வை எழுத முடியாது. அங்கே என்ன நடக்கிறது என்று அக்கறையோடு கவனிப்பது உங்கள் கொள்கைக்குக் குறைவில்லை. வைக்கத்துக்குப் போனவரின் வழி அதுதான். ஆத்திக நண்பர்களுக்கும் ஒன்று: வெளியிலிருந்து வருகிற கேள்வியெல்லாம் சாமிக்கு எதிரானது இல்லை. இன்று நீங்கள் பெருமையோடு சொல்கிற பல மாற்றங்கள் அன்று ‘மதத்தில் தலையீடு’ என்று எதிர்க்கப்பட்டவைதான். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடி, 1947-ல் சட்டமாக வந்த பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கான தடையை இன்று யாராவது திரும்பப் பெறச் சொல்வார்களா?

இனி உங்கள் முறை. அடுத்த இதழில் வாசகர் பக்கங்களை முழுவதுமாக இந்தப் பொருளுக்கே ஒதுக்க நினைத்திருக்கிறோம். சித்தாந்தச் சண்டை வேண்டாம், அதற்குத் தொலைக்காட்சி விவாதங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்த் திருவிழாவையோ கந்தூரியையோ தேர்பவனியையோ எழுதுங்கள். முதல் மரியாதை யாருக்கு? வடத்தைத் தொடாதவர்கள் யாராவது உண்டா, ஏன்? கமிட்டியில் பெண்கள் இருக்கிறார்களா? கூட்டம் கலைந்த பிறகு யார் கூட்டிப் பெருக்குகிறார்கள், என்ன கூலி? பழைய வழக்கம் எதையாவது உங்கள் ஊர் பேசி மாற்றியிருந்தால், யார் முதலில் பேசினார்கள், எப்படிச் சம்மதித்தார்கள் என்று அவசியம் எழுதுங்கள். மற்ற ஊர்களுக்கு அது உதவும். ஆட்களின் பெயர் வேண்டாம், ஊரின் பெயர் போதும். அதையும் சொல்லத் தயக்கம் என்றால் மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் நல்லது. ஆடி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கிவிடும், உங்களுக்கும் நேரம் இருக்காது, எங்களுக்கும் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்